ஒரே ரயில், மூன்று பாதை

மலை ஏறுவது என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பழனி. திருப்பதி. சபரிமலை. நேர்த்திக்கடன் இருக்கும். முடி காணிக்கை இருக்கும். அலிப்பிரியில் இருந்து திருமலைக்கு 3,550 படி என்று கணக்குச் சொல்வோம்.

நேர்த்திக்கடன் எதுவும் இல்லாமல் மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். நடக்கும் சந்தோஷத்துக்காக ஏறுகிறார்கள். நாலு பேரோடு பேசிக்கொண்டே போவதற்காக ஏறுகிறார்கள். மகாராஷ்டிர மாநிலத்தில் இது பெரிய வழக்கம். அங்கே மேற்குத் தொடர்ச்சி மலையைச் சஹ்யாத்ரி என்று சொல்கிறார்கள். சஹ்யாத்ரியின் உச்சிகளில் நூற்றுக்கணக்கான பழைய கோட்டைகள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மும்பையில் இருந்தும் புனேயில் இருந்தும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். ஆலைத் தொழிலாளர் மன்றம் போகும். அலுவலக மன்றம் போகும். ஒரே தெருக்காரர்கள் சேர்ந்தும் போவார்கள்.

மன்றம் என்றால் எல்லா வயதினரும் இருப்பார்கள் அல்லவா? 17 வயதுப் பையன் இருப்பான். 60 வயதுப் பெரியவர் இருப்பார். முழங்கால் வலி உள்ள அம்மா இருப்பார். தினமும் மூட்டை தூக்கும் தொழிலாளியும் இருப்பார். இவர்கள் எல்லோரையும் ஒரே பாதையில் கூட்டிப்போனால் என்ன ஆகும்? பையனுக்குச் சலிப்பு வரும். அம்மாவுக்கு மூச்சு வாங்கும்.

அதற்காக அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதா? வேண்டாம். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரே ரயிலில் போக வேண்டும். இறங்கியதும் மூன்று குழுவாகப் பிரிய வேண்டும். எளிய பாதைக்கு ஒரு குழு. நடுத்தரமான பாதைக்கு ஒரு குழு. கடினமான பாதைக்கு ஒரு குழு. மாலையில் மூன்று குழுவும் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

மளவ்லிக்குப் போவோம்

இதற்கு ஏற்ற இடம் ஒன்றைப் பார்ப்போம். புனேயில் இருந்து லோனாவளாவுக்கு உள்ளூர் ரயில் ஓடுகிறது. கட்கி, தேஹு ரோடு வழியாகப் போகும். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் நம் தமிழ் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அதனால் இந்த ரயில் நம்மவர்களுக்குப் பழகிய ரயில்தான். லோனாவளாவுக்கு முந்தின நிலையம் மளவ்லி. சிறிய நிலையம். அங்கே இறங்க வேண்டும்.

நிலையத்தில் இருந்து பார்த்தாலே இரண்டு மலைகள் தெரியும். ஒன்று லோஹகட். இன்னொன்று விசாப்பூர். இரண்டின் மேலும் கோட்டை இருக்கிறது. விசாப்பூர் மலைப்பக்கம் பாஜே என்ற ஊர். அந்த ஊருக்கு மேலே பாறையில் குடைந்த குகைகள் உள்ளன. ஆக, பாஜே குகை எளிய பாதை. லோஹகட் நடுத்தரப் பாதை. விசாப்பூர் கடினமான பாதை.

பாஜே குகைக்குப் போவது சிரமம் இல்லை. நிலையத்தில் இருந்து நடந்தால் மும்பை–புனே விரைவுச் சாலை வரும். அதன் மேலே உள்ள பாலத்தைக் கடந்து ஊருக்குள் போகலாம். பிறகு படிக்கட்டு. அவசரம் இல்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். அங்கே 22 குகைகள் உள்ளன. ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் புத்தத் துறவிகளுக்காகக் குடையப்பட்டவை. பெரிய குகையின் கூரையைப் பாருங்கள். வளைவு வளைவாக மரச்சட்டங்கள் பதித்திருக்கும். கல் கூரையைத் தாங்க மரம் தேவையா? தேவை இல்லை. அந்தக் காலத்தில் மரத்தில் கட்டடம் கட்டிப் பழகிய கைகள், கல்லிலும் அதே அழகைக் கேட்டன. இன்னொரு குகையில் ஒரு பெண் தாளக்கருவி வாசிக்கிறாள். மற்றொரு பெண் ஆடுகிறாள். கல்லில்தான்! எளிய பாதைக்குப் போகிறவர்களுக்கு இதை எல்லாம் நின்று பார்க்க நேரம் இருக்கும். கடினமான பாதைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் கிடைக்காது.

லோஹகட் என்றால் இரும்புக் கோட்டை என்று பொருள். உயரம் 1,033 மீட்டர். அடிவாரத்து ஊர் வரை வண்டி போகிற பாதை உண்டு. அதன் பிறகு கல் படிகள். ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வாசல்கள். 1648-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1665-ல் மொகலாயருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. 1670-ல் திரும்பவும் பிடித்துக்கொண்டார். மேலே போனால் மலையின் ஒரு பகுதி ஒடுங்கி நீளமாக ஓடும். அதைத் 'தேள் கொடுக்கு' என்று மராத்தியில் சொல்கிறார்கள். கீழே பவனா அணையின் தண்ணீர் பரந்து கிடக்கும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லோஹகட் அதில் ஒன்று. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. மீதி ஒன்று எங்கே? தமிழ்நாட்டில். நம் செஞ்சிக்கோட்டைதான் அது.

விசாப்பூர் லோஹகட்டை விட உயரம். 1,084 மீட்டர். உயர வித்தியாசம் 51 மீட்டர்தான். பிறகு ஏன் அதைக் கடினம் என்கிறோம்? பாதையால்தான். அங்கே ஒழுங்கான படிக்கட்டு முழுவதும் இல்லை. ஓடை வரும் வழியே பாறை மேல் பாறையாகக் கால் வைத்து ஏற வேண்டும். சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். வழியும் எளிதில் தெரியாது. மேலே மைதானம் போல விரிந்த இடம். மூடுபனி இறங்கினால் எந்தப் பக்கம் வந்தோம் என்றே தெரியாது.

எளிதா, கடினமா? எப்படிச் சொல்வது?

பலர் தூரத்தை மட்டும் கேட்கிறார்கள். "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா!" என்கிறார்கள். மலையில் கிலோமீட்டர் பாதி விஷயம்தான். எவ்வளவு உயரம் ஏற வேண்டும்? காலுக்குக் கீழே படியா, மண்ணா, உருளும் கல்லா? ஒரு பக்கம் பள்ளமா? நிழல் உண்டா? குடிக்கத் தண்ணீர் உண்டா? நடுவில் முடியவில்லை என்றால் இறங்கி வர வழி உண்டா? இவ்வளவையும் கேட்க வேண்டும்.

மாதத்தையும் கேட்க வேண்டும். ஜனவரியில் விசாப்பூர் ஓடை வறண்டிருக்கும். ஜூலையில் அதே ஓடை அருவியாகக் கொட்டும். பாறை எல்லாம் பாசி பிடித்து வழுக்கும். பாதை அதேதான். ஆனால் ஜனவரியில் நடுத்தரமாக இருந்தது ஜூலையில் கடினமாகிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலே பெரிய எதிரி. ஆகவே, "போன வருஷம் போனேன், சுலபம்தான்" என்று ஒருவர் சொன்னால், எந்த மாதம் போனார் என்று கேளுங்கள்.

நேரத்தைக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு. ஸ்காட்லாந்து நாட்டில் வில்லியம் நெய்ஸ்மித் என்று ஒரு மலையேறி இருந்தார். அவர் 1892-ல் சொன்ன கணக்கு இது. 5 கிலோமீட்டர் நடக்க 1 மணி நேரம். அதோடு 600 மீட்டர் உயரம் ஏற இன்னும் 1 மணி நேரம். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம். 10 மீட்டர் உயரத்துக்கு 1 நிமிடம்.

நாமும் போட்டுப் பார்ப்போமா? மளவ்லி நிலையம் சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. லோஹகட் உச்சி 1,033 மீட்டர். நாம் ஏற வேண்டியது சுமார் 430 மீட்டர். இதற்கு 43 நிமிடம். நடை தூரம் 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 96 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 139 நிமிடம். கிட்டத்தட்ட இரண்டேகால் மணி நேரம்.

இது நடந்து பழகியவர்களுக்கான கணக்கு. நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். புதியவர்களுக்குப் பாதி நேரத்தை மேலும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்றரை மணி நேரம் ஆகும். காலை 8 மணிக்கு நடக்கத் தொடங்கினால் பதினொன்றரைக்கு உச்சி.

430 மீட்டர் என்பது எவ்வளவு? ஒரு மாடி 3 மீட்டர் என்று கொள்ளுங்கள். 140 மாடிக்கு மேல் வருகிறது! உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா? அப்படியானால் பாஜே குகைக்குப் பெயர் கொடுங்கள். அதில் வெட்கம் இல்லை. நான் பார்த்தவரையில் ஆண்கள்தான் இதில் வீம்பு பிடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விசாப்பூருக்குப் பெயர் கொடுத்தால் தானும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு படி கீழே உள்ள பாதையை எடுங்கள். அடுத்த முறை மேலே போகலாம். மலை எங்கும் ஓடிப்போகாது.

இரத்தக் கொதிப்பு, இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள் சாப்பிடாமல் நடக்கக் கூடாது. பையில் வெல்லமோ சர்க்கரையோ இருக்கட்டும். திடீர் என்று வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தைக் குழுத் தலைவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் வேண்டும். அவர் அந்தப் பாதையில் முன்பே நடந்தவராக இருக்க வேண்டும். அவர் முன்னால் நடப்பார். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசியிலும் ஒருவர் வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. கடைசி ஆள் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். சொல்லப்போனால் தலைவரை விட அவர் முக்கியம். கால் வலிக்கிறவர், செருப்பு அறுந்தவர், கண் இருட்டுகிறவர் எல்லோரும் அவர் கண்ணில்தான் படுவார்கள்.

குழு எவ்வளவு வேகத்தில் நடக்க வேண்டும்? மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் மலையில் நடப்பது வேறு. பாருங்கள்.

வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் ஒரு மரத்தடியில் உட்காருகிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள். கடலை கொறிக்கிறார்கள். 10 நிமிடம் கழித்து, பின்தங்கிய அக்கா மூச்சு வாங்க வந்து சேர்கிறார். அவரைப் பார்த்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்!" என்று எழுந்துவிடுகிறார்கள். யாருக்கு ஓய்வு கிடைத்தது? களைப்பு இல்லாதவர்களுக்கு. யாருக்குக் கிடைக்கவில்லை? களைத்துப்போனவருக்கு. அடுத்த மரத்தடியிலும் இதே கதை. மூன்றாவது மரத்தடியில் அந்த அக்கா சுருண்டுவிடுவார். குறை அவரிடம் இல்லை. அவர் உட்காரவே இல்லை என்பதுதான் விஷயம்.

ஆகவே கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்க வேண்டும். அவர் உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். அவரே "போகலாம்" என்று சொல்ல வேண்டும். மெதுவாக நடப்பவரைத் தலைவருக்கு அடுத்தபடியாக முன்னால் விடுவது இன்னும் நல்லது. அப்போது குழு தானாகவே அவர் வேகத்துக்கு வந்துவிடும். நடக்கும்போது பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேச முடிந்தால் வேகம் சரி. ஒரு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

இன்னொன்றும் நடக்கும். பின்தங்கியவருக்குக் கூச்சம் வந்துவிடும்.

"எனக்காக நிக்காதீங்க தம்பி. நீங்க போங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன். வரும்போது கூட்டிட்டுப் போங்க."

"இல்லம்மா. தனியா உக்கார வேண்டாம். முடியலேன்னா ரெண்டு பேர் உங்களோட கீழே வருவாங்க. நாங்க மேலே போய்ட்டு வர்றோம்."

இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். யாரையும் தனியாக விடவே கூடாது. வெயில் ஏறலாம். மயக்கம் வரலாம். திரும்பும்போது குழு வேறு வழியாக வரவும் நேரலாம். அதனால்தான் ஒரு குழுவில் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார். மற்ற இருவர் உதவி தேடிப் போவார்கள். அவசரத்துக்கு 112 என்ற எண்ணைக் கூப்பிடலாம். ஆனால் மலையில் எல்லா இடத்திலும் செல்போன் எடுக்காது. அதை நம்பியே கிளம்பாதீர்கள்.

தண்ணீர், தீ, மின்னல்

லோனாவளா பக்கம் மழைக்காலம் மிக அழகு. மலை முழுவதும் பச்சை. பாறைக்குப் பாறை அருவி. கூட்டம் அப்போதுதான் அதிகம். ஆபத்தும் அப்போதுதான் அதிகம். 2024 ஜூன் 30 அன்று லோனாவளாவில் பூஷி அணைக்கு அருகே ஒரு குடும்பம் அருவி ஓடையில் நின்றது. வெள்ளம் திடீர் என்று ஏறியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேர் இறந்தார்கள். நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்யாமல் இருக்கலாம். மேலே மலையில் பெய்தால் போதும். சில நிமிடத்தில் தண்ணீர் கீழே வந்துவிடும். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரை ஏறுங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகம் சில இடங்களுக்குத் தடை போடும். தடை இருந்தால் அன்று போகக் கூடாது.

கோடையில் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்தது. வனத்துறை அனுமதி கட்டாயம் ஆனது. எந்த மாநிலமானாலும் காட்டுக்குள் போகும் பாதைக்கு அனுமதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த புல் நிற்கும் மலையில் பீடி, அடுப்பு, பட்டாசு எதுவும் கூடாது. கோட்டைச் சுவர்களில் தேன்கூடு இருக்கும். அதன் பக்கத்தில் புகையும் சத்தமும் வேண்டாம்.

இடி முழங்கினால் உச்சியில் நிற்காதீர்கள். தனி மரத்தடிக்கும் போகாதீர்கள். தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள்.

பையில் என்ன இருக்கட்டும்?

ஆளுக்கு 2 அல்லது 3 லிட்டர் தண்ணீர். இதில் சிக்கனம் கூடாது. வியர்வையில் உப்பும் போகிறது. ஆகவே உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் சுத்தமான தண்ணீர். அதில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான். (சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டர் சொல்படி குடிக்க வேண்டும்.)

காலுக்கு, அடியில் ஆழமான வரி உள்ள ரப்பர் ஷூ நல்லது. விலை அதிகம் வேண்டாம். வழவழ என்று தேய்ந்துபோன செருப்பு வேண்டாம். ஊர்க்காரர்கள் தேய்ந்த செருப்போடு தலையில் சுமையும் வைத்து ஏறுவார்கள். அவர்களைப் பார்த்து நாமும் அப்படி ஏற முடியாது. அது அவர்கள் பிறந்ததில் இருந்து நடக்கும் மலை. சேலை கட்டுகிறவர்கள் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளலாம். தலைக்குத் துண்டு. ஒரு சின்ன டார்ச். தைத்த காயத்துக்கு மருந்து, சுற்றத் துணி. இவை போதும்.

சாப்பாட்டுக்குப் புளிசாதம் கெடாது. மலையடிவார ஊர்களில் சாப்பாடும் கிடைக்கும். பாக்ரி, பிட்லா என்பார்கள். பாக்ரி என்பது அரிசி மாவிலோ சோள மாவிலோ கையால் தட்டும் ரொட்டி. பிட்லா என்பது கடலை மாவில் கெட்டியாகச் செய்யும் குழம்பு. பச்சை மிளகாய் கடித்துக்கொள்ளத் தருவார்கள். முதல் நாளே சொல்லி வைத்தால் சமைத்து வைப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கும் நாலு காசு கிடைக்கும். சாப்பிட்ட குப்பையை அவர்கள் ஊரில் போட்டுவிட்டு வராதீர்கள். பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

பெயர்ப் பட்டியல்

கிளம்பும் முன்னால் மூன்று குழுவுக்கும் மூன்று பட்டியல் எழுத வேண்டும். அவரவர் பெயரை அவரவரே எழுதட்டும். பக்கத்தில் வயது, வீட்டுத் தொலைபேசி எண், நோய் இருந்தால் அதன் பெயர். ஒவ்வொரு பட்டியலிலும் இரண்டு பிரதி வேண்டும். ஒன்று குழுத் தலைவர் கையில். இன்னொன்று எளிய பாதைக்குப் போகும் குழுவில் ஒருவர் கையில். ஏன் அவரிடம்? அவர்தான் முதலில் நிலையத்துக்குத் திரும்புவார்.

பட்டியலின் கீழே திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள். பகல் 1 மணி என்று வைத்துக்கொள்வோம். 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டும். "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இறங்கும் நேரத்தில் கால் தளர்ந்திருக்கும். முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதில்தான் பாரம் அதிகம். பலர் வழுக்கி விழுவது இறங்கும்போதுதான். இருட்டுவதற்கு முன்னால் மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். மாலை ரயிலின் நேரத்தையும் காலையிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பாஜே குழு முதலில் வந்து சேரும். டீ குடித்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு லோஹகட் குழு. கடைசியாக விசாப்பூர் குழு, உடம்பெல்லாம் மண்ணோடு. பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் தலையை மட்டும் எண்ணக் கூடாது. ஒவ்வொரு பெயராகப் படிக்க வேண்டும். அந்த ஆள் "இருக்கேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் பெயருக்கு எதிரே கோடு போட வேண்டும். ஒரு பெயருக்குக் கோடு விழவில்லை என்றால், ரயில் வந்து நின்றாலும் தலைவரும் இன்னும் சிலரும் நிலையத்திலேயே நிற்பார்கள்.